அனிமேஷன் டிகிரிக்கு போர்ட்ஃபோலியோ: கையில் இருப்பதெல்லாம் ஃபேன் ஆர்ட்தான், இனி என்ன செய்வது?

பென்சில்முனை:

பள்ளிக் கடைசி வருடம். அடுத்து அனிமேஷன்தான் என்று முடிவு செய்து வீட்டிலும் ஒரு வழியாகச் சம்மதம் வாங்கியாகிவிட்டது. விண்ணப்பிக்க இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. இப்போது தலைவலி போர்ட்ஃபோலியோதான், அதாவது கல்லூரிக்கு அனுப்ப வேண்டிய படங்களின் தொகுப்பு.

சில வருடங்களாக டேப்லெட்டில் வரைகிறேன். ஃபோல்டர் நிறையப் படம் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் வரிசையாகத் திறந்து பார்த்தால் முக்கால்வாசி அனிமே ஃபேன் ஆர்ட் (பிடித்த ஜப்பானிய அனிமேஷன் கதாபாத்திரங்களை நானே வரைந்தவை). அதிலும் பெரும்பாலும் மார்புக்கு மேலேதான், முகம் லேசாக ஒரு பக்கம் திரும்பியிருக்கும், கை பாக்கெட்டிலோ முதுகுக்குப் பின்னாலோ இருக்கும் (ஏன் என்று வரைகிறவர்களுக்குத் தெரியும்). முடி, கண், ஒளி எல்லாம் நன்றாகவே வரும், இணையத்தில் போட்டால் நாலு பேர் பாராட்டவும் செய்கிறார்கள்.

கல்லூரிகள் கேட்பதோ வேறு. ஒன்று 15 முதல் 20 படங்கள் கேட்கிறது, அதில் பாதியாவது நேரில் பார்த்து வரைந்ததாக இருக்க வேண்டுமாம். இன்னொன்று ஸ்கெட்ச்புக்கை அப்படியே கேட்கிறது. மூன்றாவது, ஸ்டோரிபோர்டும் (கதையைக் கட்டம் கட்டமாக வரைந்து காட்டுவது) வேண்டும் என்கிறது, நான் இதுவரை ஒன்றுகூடப் போட்டதில்லை. லைஃப் டிராயிங் வகுப்புக்குப் போக எனக்கு வழியில்லை, மாடல் வைத்து வரைவதெல்லாம் நடக்காத காரியம். அதற்கு மாற்று என்ன? ஃபேன் ஆர்ட்டில் நன்றாக வந்ததை மட்டுமாவது வைக்கலாமா? தாளில் வரைந்தே ஆக வேண்டுமா, டேப்லெட் போதாதா? அனிமேஷன் படிக்கப் போகிறவன் அனிமேஷன் கிளிப் எதுவும் இல்லாமல் அனுப்பினால் சிரிப்பார்களா? என் ஸ்கெட்ச்புக் பார்க்கவே கண்றாவியாக இருக்கும், அதைப் புதிதாக அழகாக வரைந்து தயார் செய்ய வேண்டுமா என்றும் தெரியவில்லை.

தெரிந்த அண்ணன்மார், அக்காமார் யாராவது சொல்லுங்கள்.

---

கரித்துண்டு:

விண்ணப்பங்களைப் பார்க்கும் பக்கத்தில் சில வருடம் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதல் சுற்றில் ஒரு போர்ட்ஃபோலியோவுக்குக் கிடைப்பது சில நிமிடம்தான், அடுத்தடுத்து நூற்றுக்கணக்கில் வரிசையில் இருக்கும். அந்தச் சில நிமிடத்தில், இந்தப் பிள்ளைக்குப் பார்க்கத் தெரிகிறதா, பார்த்ததைத் தாளில் இறக்க முடிகிறதா, மூன்று நான்கு வருடம் சொல்லிக்கொடுத்தால் வளருமா என்றுதான் பார்ப்போம். பளபளப்பைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. அது மென்பொருளோடு வந்துவிடும்.

அதனால் ஃபேன் ஆர்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பாணி மேல் எங்களுக்கு வெறுப்பு எதுவும் கிடையாது. அந்தக் கதாபாத்திரத்தின் உடல்வாகு, முடி, உடை, நிறச் சேர்க்கை எல்லாம் வேறொருவர் ஏற்கெனவே எடுத்த முடிவுகள், அதில் உங்கள் முடிவு எது என்று பார்க்கிறவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். அமெரிக்காவின் கால்ஆர்ட்ஸ் மாதிரி கல்லூரிகளில் கேரக்டர் அனிமேஷனுக்கு ஸ்கெட்ச்புக்கும் நேரில் பார்த்து வரைந்தவையும்தான் முதலில் பேசும். கனடாவின் ஷெரிடன் கல்லூரியோ கை, கதாபாத்திரத்தைச் சுற்றித் திருப்பிக் காட்டும் படம், ஸ்டோரிபோர்டு என்று குறிப்பிட்ட வேலைகளையே கொடுத்துச் செய்யச் சொல்லும் வழக்கமுள்ள இடம். பாரிஸின் கோபெலான் பள்ளியில் நுழைவுத்தேர்வே உண்டு. ஆக எல்லோருக்கும் ஒரே போர்ட்ஃபோலியோ என்பது நடக்காது. ஒவ்வொரு கல்லூரியின் இந்த வருடப் பக்கத்தைத் திறந்து, அது கேட்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஆரம்பியுங்கள். போன வருடம் சேர்ந்தவர் சொன்னார் என்று போகாதீர்கள், பட்டியல் மாறும்.

லைஃப் டிராயிங். ஆடையில்லாத மாடல் கிடைக்கவில்லை என்பது பெரிய குறையே இல்லை. உடலை நேரில் பார்த்தீர்களா என்பதுதான் கேள்வி. வீட்டில் டிவி பார்க்கிறவர், போனில் பேசியபடி நடக்கிறவர், பேருந்துக்காக நிற்கிறவர், நூலகத்தில் தலையைக் கையில் தாங்கிப் படிக்கிறவர், எல்லோரும் மாடல்தான், அதுவும் இலவசம். அவர்கள் அசைவார்கள், பாதியில் எழுந்து போய்விடுவார்கள், அது இன்னும் நல்லது. 30 விநாடி, 1 நிமிடம், 2 நிமிடம், 5 நிமிடம் என்று நேரம் வைத்து வரையுங்கள். 30 விநாடியில் முகமெல்லாம் வரையவே முடியாது, தலையிலிருந்து பாதம் வரை உடல் எந்தப் பக்கம் வளைந்து போகிறது என்ற ஒரே ஒரு கோடுதான் போட முடியும், அந்தக் கோட்டுக்காகத்தான் இந்தப் பயிற்சியே.

நிற்கிறவரை வரையும்போது எடை எந்தக் காலில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒரு காலில் சாய்ந்து நின்றால் அந்தப் பக்க இடுப்பு மேலே ஏறும், அதே பக்கத் தோள் கீழே இறங்கும், கழுத்துக்குழியிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு விட்டால் அது எடை தாங்கும் பாதத்துக்குக் கிட்டத்தட்ட மேலே விழும். இது தவறினால் எவ்வளவு அழகாக ஷேடிங் செய்தாலும் உருவம் சாய்ந்து விழுகிற மாதிரியே இருக்கும், பார்க்கிறவருக்கு ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் உறுத்தும். அனிமேஷனுக்கு எடைதான் உயிர், அதனால் இதைக் கண்டிப்பாகப் பார்ப்போம்.

கை. நீங்களே சொல்லிவிட்டீர்கள், மறைக்கிறீர்கள் என்று. நாங்களும் கண்டுபிடித்துவிடுவோம். எப்போதும் கூடவே இருக்கும் மாடல் உங்கள் இன்னொரு கைதான். உள்ளங்கையை ஒரு தட்டையான பெட்டியாகவும், கட்டைவிரல் அடியைத் தனி ஆப்பாகவும், மற்ற நான்கு விரலையும் முதலில் ஒரே தொகுப்பாகவும் போட்டுவிட்டு அப்புறம் பிரியுங்கள். விரல் மூட்டுகள் நேர்கோட்டில் இருக்காது, வில் மாதிரி வளைந்திருக்கும். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை ஏறக்குறைய முகவாயிலிருந்து முடி ஆரம்பிக்கும் இடம் வரை இருக்கும், ஆரம்பத்தில் எல்லோரும் கையைச் சின்னதாகத்தான் போடுவார்கள். சும்மா விரித்த கை வேண்டாம். எதையாவது பிடித்திருக்கும் கை, முறுக்கும் கை, சுட்டும் கை, அழுத்தும் கை என்று வரையுங்கள்.

அறை ஒன்றும் வேண்டும். ஒரு மூலையில் உட்கார்ந்து எதிரே தெரிவதை வரையுங்கள். உட்கார்ந்த நிலையில் உங்கள் கண்மட்டம் எங்கே வருகிறது என்று முதலில் ஒரு கோடு போட்டுக்கொண்டால், மேசை விளிம்பு, ஜன்னல் சட்டம், கட்டில் எல்லாம் அந்தக் கோட்டை நோக்கிப் போவது தெரியும். இரண்டு மறைபுள்ளிகளையும் (கோடுகள் போய்ச் சேரும் புள்ளிகள்) தாளுக்குள்ளேயே வைத்தால் அறை பிதுங்கும், தள்ளி வெளியே வையுங்கள். டம்ளர், வாளி வாய் எல்லாம் நீள்வட்டம், அதன் ஓரங்கள் கூர்மையாகாது, உருண்டுதான் திரும்பும். ஒரே ஒரு நாற்காலியைச் சரியாக வரைந்தவரை நான் நம்புவேன்.

ஸ்கெட்ச்புக்கைப் புதிதாக வரைந்து தயார் செய்யவே செய்யாதீர்கள். ஒரே பேனா, ஒரே தடிமன், ஒரே நாளில் உட்கார்ந்து நிரப்பியது என்றால் பக்கத்தைத் திருப்பும்போதே தெரியும்.

---

பதினாறுக்குஒன்பது:

கரித்துண்டு சொன்னதில் பெரும்பாலும் சரி, ஆனால் ஃபேன் ஆர்ட்டோடு சேர்த்து அனிமே பாணியையே விட வேண்டும் என்று யாரும் புரிந்துகொள்ளக் கூடாது. நான் ஸ்டோரிபோர்டு வேலை செய்கிறேன். கூட வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அனிமே பார்த்துத்தான் வரைய வந்தவர்கள். சொந்தக் கதாபாத்திரத்தை அந்தப் பாணியில் வரைந்து, அது உட்காரும், குனியும், பின்பக்கம் திரும்பும், கோபப்படும் என்று காட்டினால் தாராளமாக வைக்கலாம் என்பேன். முகத்தை மட்டும் மாற்றி மாற்றிப் போடுவதுதான் வேலைக்கு ஆகாது.

கதாபாத்திரத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன். உள்ளே முழுக்கக் கறுப்பு நிரப்பிவிடுங்கள். வெறும் நிழலைப் பார்த்து இது யார், என்ன செய்கிறார் என்று தெரிகிறதா? மூன்று கதாபாத்திரங்களை ஒரே வரிசையில் நிற்கவைத்து நிரப்பினால் மூன்றும் வேறுவேறாகத் தெரிகிறதா? இல்லை என்றால் நிறத்தைத் தொடாதீர்கள், உருவத்துக்குத் திரும்புங்கள். ஒரு கதாபாத்திரத்தை முன், முக்கால், பக்கம், பின் என்று திருப்பிக் காட்டும்போது கிடைமட்டமாகக் கோடுகள் இழுத்து வைத்துக்கொள்ளுங்கள், கண், தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் அதே உயரத்தில் இருக்க வேண்டும். பக்கவாட்டில் வரும்போதுதான் மூக்கும் பின்தலையும் காட்டிக்கொடுக்கும், உங்கள் ஃபோல்டரில் பக்கவாட்டு முகம் எத்தனை இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது ஸ்டோரிபோர்டு. இதில்தான் நிறையப் பேர் தேவையில்லாமல் பெரிய கதை எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள். உலகம் அழியப்போகிறது, ஒரு வாள், ஒரு சாபம், முன்கதை, எல்லாவற்றையும் 12 கட்டத்தில் திணித்தால் ஒன்றும் புரியாது. வசனமே வேண்டாத சின்ன விஷயம் போதும். உதாரணத்துக்கு, நாற்காலியில் பூனை தூங்குகிறது, அதன் அடியில் போன் மாட்டிக்கொண்டிருக்கிறது, போன் அடிக்கப் போகிறது, பூனையை எழுப்பாமல் எடுக்க வேண்டும். ஒருவருக்கு ஏதோ வேண்டும், ஒன்று தடுக்கிறது, முயற்சி செய்கிறார், ஏதோ நடக்கிறது. இவ்வளவுதான்.

முதலில் தீப்பெட்டி அளவில் சின்னச் சின்னக் கட்டமாகக் குச்சி மனிதர்களை வைத்து மொத்தத்தையும் கிறுக்குங்கள். பத்து நிமிடத்தில் ஒரு முறை, பிடிக்கவில்லையா, கிழித்துவிட்டு இன்னொரு முறை. எல்லாக் கட்டத்திலும் ஆள் நடுவில் இடுப்பு வரை நின்றுகொண்டிருந்தால் கதை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தூக்கம் வரும். அறை முழுவதும் தெரியும் தூரக் கட்டம் ஒன்று முதலில் இருக்கட்டும், அப்போதுதான் நாற்காலி எங்கே, கதவு எங்கே என்று தெரியும். பதற்றம் கூடக் கூடக் கிட்டே போங்கள். பூனையின் காது மட்டும் அசையும் கட்டம் ஒன்று இருந்தால் மொத்தத்தையும் அது தூக்கி நிறுத்திவிடும்.

180 டிகிரி விதி என்று ஒன்று உண்டு. ஆளுக்கும் பூனைக்கும் நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்கட்டும். மறுபக்கம் தாவினால் இடது பக்கம் இருந்தவர் திடீரென்று வலது பக்கம் வந்துவிடுவார், பார்க்கிறவர் குழம்பிவிடுவார். தெரிந்தே மீறலாம், தெரியாமல் மீறினால் அசிங்கமாக இருக்கும்.

எல்லாம் முடிந்ததும், எதுவும் சொல்லாமல் யாரிடமாவது கொடுத்து என்ன நடக்கிறது என்று கதையாகச் சொல்லச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் கட்டத்தை மாற்ற வேண்டும். பக்கத்தில் நின்று விளக்க ஆரம்பித்தீர்கள் என்றால் சோதனையே வீண், கல்லூரியில் படம் பார்க்கிறவருக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கப் போவதில்லை.

---

பழையரப்பர்:

நாற்காலியைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு. நாலு காலும் ஒரே தரையில் நிற்கும் நாற்காலியை நான் விண்ணப்பங்களில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

---

பென்சில்முனை:

ரொம்ப நன்றி. இன்றைக்கே வீட்டில் டிவி பார்க்கிறவர்களை வரைய ஆரம்பித்தேன், எல்லோரும் உடனே சட்டையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக உட்கார்ந்துவிட்டார்கள். :)

இன்னும் இரண்டு சந்தேகம். நேரம் வைத்துப் போஸ் படங்களைக் காட்டும் தளங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்த்து வரைந்தால் நேரில் வரைந்ததாக எடுத்துக்கொள்வார்களா? அப்புறம், என் நண்பன் ஒருவன் ஏஐ மூலம் கதாபாத்திரம் உருவாக்கி அதன் மேல் வரைந்து வைக்கிறான், யாருக்கும் தெரியாது என்கிறான். உண்மையா?

---

ஓடும்குதிரை:

போஸ் தளங்கள் பயிற்சிக்கு நல்லது, தினமும் காலையில் அரை மணி நேரம் கை சூடாக்க அதைவிட வசதியானது இல்லை. ஆனால் அதை நேரில் பார்த்து வரைந்தது என்று போடாதீர்கள். நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும், பார்த்தாலே தெரியும். போட்டோ ஒற்றைக் கண். எது கிட்டே எது தூரம் என்பதைக் கேமரா உங்களுக்காக முன்கூட்டியே தட்டையாக்கிக் கொடுத்துவிடுகிறது, நீங்கள் விளிம்பை மட்டும் நகல் எடுக்கிறீர்கள். நேரில் வரைகிறவர் தலையைக் கொஞ்சம் நகர்த்திப் பார்ப்பார், கால் எப்படி இடுப்புக்குள் போய்ச் சேருகிறது என்று யோசிப்பார், கோடு அங்கங்கே திருத்தப்பட்டிருக்கும். கிட்டே வைத்து எடுத்த போட்டோவில் முன்னால் நீட்டிய கை பெரிதாக வீங்கியிருக்கும், அந்த வீக்கத்தையும் அப்படியே வரைந்து அனுப்புகிறவர்கள் உண்டு.

போட்டோவை வைத்துத்தான் செய்ய வேண்டும் என்றால் அசைவைப் படிக்கப் பயன்படுத்துங்கள். புகைப்படக் கலைஞர் எட்வர்ட் மைபிரிட்ஜ் 1878இல் ஓடும் குதிரையைத் தொடர்படங்களாக எடுத்தார், நான்கு காலும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழுகின்றன என்று உலகம் கண்ணால் பார்த்தது அப்போதுதான். அது கால்கள் முன்னும் பின்னும் நீட்டியிருக்கும்போது நடக்கவில்லை, வயிற்றுக்கு அடியில் மடங்கிச் சேரும்போது நடக்கிறது. அதற்கு முன் ஓவியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் குதிரையை நான்கு காலையும் விரித்துப் பறக்கிற மாதிரியே வரைந்துகொண்டிருந்தார்கள். 1887இல் மனிதர், விலங்கு எல்லாம் சேர்த்து 781 தட்டுகளாக (ஒரு அசைவின் தொடர்படங்கள் அச்சிட்ட தாள்கள்) அவர் வெளியிட்டார். நடப்பவர், படி ஏறுபவர், வாளி தூக்குபவர் எல்லாம் அதில் இருக்கிறார்கள், காப்புரிமை முடிந்துவிட்டதால் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். ஒரு தட்டை எடுத்து ஒவ்வொரு கட்டத்திலும் இடுப்பின் உயரத்தை மட்டும் புள்ளி வைத்துக்கொண்டு போங்கள். நடக்கும்போது உடல் ஏறி இறங்குவது அலையாகத் தெரியும். அந்தப் பக்கத்தை "மைபிரிட்ஜ் படங்களிலிருந்து" என்று எழுதி ஸ்கெட்ச்புக்கிலேயே வைக்கலாம். எங்கிருந்து எடுத்தீர்கள் என்று எழுதுவதில் ஒரு குறையும் இல்லை.

உயிருள்ள விலங்கு எதையாவதும் வரையுங்கள். தெருநாய், காக்கை, வீட்டுப் பூனை. ஒரு பக்கத்தில் பத்துப் பதினைந்து அரைகுறையாக இருக்கட்டும், நாய் அதே போஸுக்குத் திரும்பி வரும்போது பழைய கிறுக்கலுக்குப் போய்ச் சேர்த்துக்கொள்ளலாம்.

உன் நண்பன் விஷயம். தம்பி, அந்தப் பக்கமே போகாதே. எல்லாம் என் சொந்த வேலை என்று கையெழுத்துக் கேட்கும் இடங்கள் உண்டு, நேர்காணலில் பேப்பரை நீட்டி இந்தக் கதாபாத்திரம் படியில் உட்கார்ந்திருப்பதாக வரை என்று சொன்னால் என்ன செய்வான்? முடிந்த படத்துக்குப் பக்கத்தில் அதன் கிறுக்கல்கள், ஒதுக்கிய முயற்சிகள் எல்லாம் இருந்தால் பார்க்கிறவருக்குச் சந்தேகமே வராது. அவனிடம் அது எதுவும் இருக்காது.

---

இருபத்துநான்கு:

கிளிப் பற்றி யாரும் பேசவில்லையே. கட்டாயம் கேட்காத இடத்தில் அனிமேஷன் இல்லாமல் அனுப்பினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதைக் கற்றுக்கொடுக்கத்தானே கல்லூரி. சுமாரான 40 விநாடிப் படத்தைவிட உருப்படியான 3 விநாடி போதும் என்பது என் கட்சி.

துள்ளும் பந்து செய்யுங்கள். சிரிக்காதீர்கள், இதிலேயே எல்லாம் தெரிந்துவிடும். திரைக்கு நொடிக்கு 24 ஃபிரேம், ஒவ்வொரு படத்தையும் இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம், ஆக 3 விநாடிக்கு 36 படம். பந்து உச்சியில் மெதுவாகும், அங்கே படங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும். தரையை நெருங்க நெருங்க வேகம், இடைவெளி அகலமாகும். தரையில் படும் அந்த ஒரு படத்தில் மட்டும் நசுங்கும், அதற்கு முன்னும் பின்னும் லேசாக நீளும். நசுங்கும்போது அகலம் கூடினால் உயரம் குறைய வேண்டும், இல்லை என்றால் பந்து பெரிதாகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு துள்ளலும் முந்தையதைவிடத் தாழ்வு.

அதே காகிதத்தில் டேபிள் டென்னிஸ் பந்து ஒன்று, இரும்புக் குண்டு ஒன்று என்று செய்து பாருங்கள். வட்டம் இரண்டும் ஒரே அளவு, நிறம் கிடையாது, முகம் கிடையாது, துள்ளலை மட்டும் வைத்து எது கனம் என்று பார்க்கிறவர் சொல்ல வேண்டும். இரும்புக் குண்டை நசுக்கக் கூடாது என்று நான் சொல்லாமலே உங்களுக்குத் தோன்றினால் நல்ல அறிகுறி. அடுத்து மாவு மூட்டை. கண், வாய் இல்லாத ஒரு மூட்டை சோகமாக நடந்து போகிறது. இது வந்துவிட்டால் போர்ட்ஃபோலியோவில் கண்ணை மூடிக்கொண்டு வைக்கலாம்.

கிரிட்டா என்ற வரையும் மென்பொருளிலேயே அனிமேஷன் டைம்லைன் இருக்கிறது. பிளெண்டரில் கிரீஸ் பென்சில், ஓபன்டூன்ஸ், பென்சில்2டி எல்லாமே இலவசம். எதிலும் இரண்டு நாளுக்கு மேல் மென்பொருளைப் பற்றி வீடியோ பார்க்காதீர்கள். ஒன்றுமே வேண்டாம், ஒட்டுக் காகிதக் கட்டின் ஓரத்தில் ஃபிளிப்புக் (வேகமாகப் புரட்டினால் அசையும் படம்) போட்டு அதைப் போனில் வீடியோ எடுத்தாலும் ஏற்கத் தக்கதுதான், எனக்கு அதைப் பார்க்கத்தான் அதிகம் பிடிக்கும்.

---

ஜன்னலோரம்:

மேலே எல்லோரும் வரைவதைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். வரைந்ததைக் கெடுக்காமல் அனுப்புவதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல படத்தை மஞ்சள் விளக்கில் கோணலாகப் போட்டோ எடுத்து, ஓரத்தில் கட்டைவிரலும் தெரிய அனுப்புகிறவர்கள் எக்கச்சக்கம்.

ஸ்கேனர் கிடைத்தால் 300 டிபிஐ. கிடைக்காவிட்டால் பகலில், நேரடி வெயில் விழாத ஜன்னல் பக்கம் தாளைத் தட்டையாக வைத்து, போனை அதற்கு நேர் மேலே இணையாகப் பிடித்து எடுங்கள். கொஞ்சம் தள்ளி நின்று ஜூம் செய்து எடுத்தால் ஓரங்கள் வளையாது. ஃபிளாஷ் வேண்டாம், பென்சில் கோடு பளபளத்துக் காணாமல் போகும். அப்புறம் போட்டோ எடிட்டரின் லெவல்ஸில் வெள்ளையைக் கொஞ்சம் மேலே இழுத்தால் சாம்பல் நிறத் தாள் வெள்ளையாகும், ஆனால் மெல்லிய கோடுகள் வெளுத்துப் போகும் அளவுக்கு இழுக்காதீர்கள். கரியில் வரைந்தவற்றுக்கு ஃபிக்ஸேட்டிவ் (கரி உதிராமல் பிடிக்கும் ஸ்ப்ரே) அடித்து வையுங்கள், இரண்டு தாளுக்கு நடுவே மெல்லிய காகிதம் போடுங்கள். தாளா டேப்லெட்டா என்று கேட்டிருந்தீர்கள். கல்லூரி குறிப்பிடவில்லை என்றால் இரண்டும் இருக்கட்டும், ஆனால் நேரில் வரைவது தாளில் இருந்தால் நல்லது. அங்கே அன்டூ கிடையாது, அதனால் கோடு போடும் முன் ஒரு கணம் பார்ப்பீர்கள்.

வரிசை. மிகச் சிறந்ததை முதலில் வையுங்கள், இரண்டாவது சிறந்ததைக் கடைசியில். நடுவில் ஒரே மாதிரி இரண்டு இருந்தால் ஒன்றை எடுத்துவிடுங்கள். 15 முதல் 20 என்று கேட்டால் 15 நல்லது போதும், எண்ணிக்கைக்காக ஐந்து சுமாரானதைச் சேர்த்தால் பார்க்கிறவர் மனதில் அந்த ஐந்துதான் தங்கும், நல்லது எது கெட்டது எது என்று இவருக்கே தெரியவில்லை போலிருக்கிறது என்ற எண்ணமும் வரும். ஜெஸ்ச்சர் படங்களை (நேரம் வைத்து வேகமாக வரைந்த உருவங்கள்) ஒன்றொன்றாக வைக்காமல் ஆறேழு சேர்த்து ஒரே பக்கமாக வைக்கலாம், விதி தடுக்காத வரை. ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி: எதில் வரைந்தது, எவ்வளவு நேரம், நேரிலா போட்டோவிலிருந்தா. பின்னணிக்கு அலங்காரச் சட்டம், நிழல், பெரிய எழுத்தில் பெயர், இதெல்லாம் வேண்டாம்.

கோப்பின் அளவு, பெயர் வைக்கும் முறை, வீடியோவுக்கு இணைப்பா கோப்பா என்பதையெல்லாம் விதியில் எழுதியிருப்பார்கள், எழுதியதை அப்படியே செய்யுங்கள். கடைசி நாள் இரவு ஏற்றாதீர்கள், அன்றைக்குத்தான் தளம் தொங்கும். வீடியோ இணைப்பைக் கொடுத்தால் வேறொருவர் போனில், உங்கள் கணக்கில் நுழையாமல் திறக்கிறதா என்று பாருங்கள். பிரைவேட்டில் வைத்த வீடியோ அனுப்பியவருக்கு மட்டும்தான் திறக்கும்.

---

பென்சில்முனை:

எல்லாவற்றையும் காகிதத்தில் எழுதிவைத்துவிட்டேன். முதல் இரண்டு மாதம் தினமும் ஜெஸ்ச்சர், கை, நாற்காலி. மூன்றாவது மாதம் அறை, சொந்தக் கதாபாத்திரம். நான்காவது ஸ்டோரிபோர்டு, நேரம் இருந்தால் பந்து. ஐந்தாவது மாதம் தேர்ந்தெடுப்பதும் ஸ்கேனும். சரியா? கரித்துண்டு அண்ணா, ஒரே ஒரு ஃபேன் ஆர்ட்டை மட்டும் கடைசியாக வைக்கலாமா? உண்மையிலேயே நன்றாக வந்திருக்கிறது.

---

பதினாறுக்குஒன்பது:

ஸ்டோரிபோர்டை நான்காவது மாதத்துக்குத் தள்ளாதீர்கள். முதல் மாதத்திலேயே மட்டமான ஒன்றைப் போட்டுவிடுங்கள், நான்காவது மாதம் அதையே திரும்பப் போடுங்கள். ஃபேன் ஆர்ட் விஷயத்தில் எனக்கு அவ்வளவு கடுமை இல்லை, ஸ்கெட்ச்புக்கின் நடுவே ஒரு மூலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

---

கரித்துண்டு:

ஸ்கெட்ச்புக்கில் இருந்தால் நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன், நீங்கள் யார் என்று அதுவும் காட்டும்தான். கடைசிப் படமாக வேண்டாம், அந்த இடத்துக்கு உங்கள் அறையோ பூனை ஸ்டோரிபோர்டோ வரட்டும். அப்புறம், தேர்ந்தெடுப்பதற்கு ஒரு மாதம் தேவையில்லை, பத்து நாள் போதும். மிச்சத்தை வரைவதில் செலவழியுங்கள். இன்றிலிருந்து ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போடுங்கள். ஸ்கெட்ச்புக் கேட்கும் கல்லூரிக்கு அந்தத் தேதிகளே நிறைய விஷயம் சொல்லும். வீட்டில் விறைப்பாக உட்காருகிறார்கள் என்றீர்களே, அவர்கள் தூங்கும்போது வரையுங்கள்.